குரல் மறைக்கும் பெட்டி

கொழும்பிலிருந்து கப்பலேறி வந்த சாமான்களில் சலாஹுதீனுக்கு உயிர் எதில் இருந்தது என்றால், அந்த ஈக்வலைசரில்தான். முகப்பு முழுக்கக் கறுப்புக் குமிழ்கள் வைத்த இரும்புப் பெட்டி. இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க வேண்டும். அங்கே ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்துவிட்டு, விசா முடிந்து கீழக்கரைக்குத் திரும்பும்போது, பழசென்று ஒதுக்கி வைத்திருந்ததை முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்தான். பாடுகிறவர் குரலில் கனம் கூடிப்போனால் ஒரு குமிழால் குறைக்கலாம். கூர்மை போதாவிட்டால் இன்னொன்றால் ஏற்றலாம். குரலைத் துலக்கிக் காட்டுவதற்கென்றே பிறந்த பெட்டி. அதை வைத்துக்கொண்டு குரலை மறைக்கச் சொன்னால் பெட்டிதான் என்ன செய்யும், அவன்தான் என்ன செய்வான்?

மறைக்கச் சொன்னது பக்கத்து வீட்டு ஜுனைதா; சித்தி ஜுனைதா என்பது முழுப்பெயர். கணவனை இழந்தபின், காக்கா என்று அவள் அழைக்கும் அண்ணன் ஹமீது சுல்தான் வீட்டோடு வந்துவிட்டவள். மதராஸ் இசைத்தட்டுக் கம்பெனி ஒன்று கடற்கரை ஊர்த் தாலாட்டு வேண்டுமென்று சலாஹுதீனிடம் கேட்டிருந்தது. நன்றாக அமைந்தால் தொடர்ந்து வேலை தருவார்கள்; அமையாவிட்டால் பெட்டியை மூடிவைத்துவிட்டு மாமனார் சங்கு அடுக்கி வைக்கும் கிட்டங்கியில் போய் உட்கார வேண்டியதுதான். அவன் மனைவி நஸீராதான் லாத்தா, லாத்தா என்று அக்கா முறை கொண்டாடி ஜுனைதாவைப் பேசிச் சம்மதிக்க வைத்தாள்.

முன்னறைக்கும் உள்வீட்டுக்கும் நடுவே பச்சைத் திரை. மைக்கின் வயர் மட்டும் திரைக்கு அடியில் போகும். ஜுனைதா அந்தப் பக்கம் பாடினாள், சலாஹுதீன் இந்தப் பக்கம் டேப்பில் பிடித்தான். அவள் முகத்தை அவன் பார்த்ததே இல்லை. ஆனால் அந்தக் குரலைக் கேட்டபோது, கொழும்பில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியதற்கு இன்றைக்குத்தான் பலன் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டான். பாடி முடித்த கையோடு அவள் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"தம்பி, பேரு போடக்கூடாது. கேக்குறவங்களுக்கு நான்னு தெரியவும் கூடாது. பொம்பளைக் குரல் வாசலத் தாண்டக்கூடாதுங்குறவரு எங்க காக்கா. இந்தக் குரல் என்னோடதுன்னு அவருக்குத் தெரிஞ்சா நான் அந்த வீட்ல இருக்க முடியாது."

மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு நா எழவில்லை.

ஒரு டேப் ரிக்கார்டரில் பாட்டை ஓடவிட்டு, ஈக்வலைசர் வழியாக மாற்றி, இன்னொரு ரிக்கார்டரில் பிடிக்க வேண்டும். சொல்வதற்கு இவ்வளவுதான். பெட்டியை முடுக்கி வால்வுகள் சூடேறியதும் பாட்டுக்கு முன்னால் ஒரு ரீங்காரம் வந்து நின்றது. கழற்றிப் பார்த்தான். உப்புக்காற்று பட்டு இணைப்புகளில் பச்சை பூத்திருந்தது. சுரண்டித் துடைத்து மாட்டினான்; ரீங்காரம் போகவில்லை. கடைசியில் எர்த் வயரை இழுத்துக்கொண்டுபோய், இரண்டு வீட்டுக்கும் பொதுவான கிணற்றில் இறக்கிய பிறகுதான் அது அடங்கியது. பாதிப் பகல் அதிலேயே போய்விட்டது. சாயங்கால பஸ்ஸில் டேப்பைக் கொடுத்தனுப்பியாக வேண்டும்.

கனத்தைக் குறைத்தான். இப்போது யாரென்று தெரிகிறதா என்று கேட்டதற்கு, அடுப்படியிலிருந்து நஸீரா குரல் கொடுத்தாள். "ஜுனைதா லாத்தாதான்."

கூர்மையைக் குறைத்தான்.

"லாத்தாவுக்கு ஜலதோஷம் புடிச்ச மாதிரி இருக்கு."

நடு ஒலியை ஏற்றினான், இறக்கினான். ஒரு குமிழைத் திருப்பினால் இன்னொன்றையும் திருப்ப வேண்டியிருந்தது. எதைத் திருப்பினாலும் தாலாட்டின் வரி முடிகிற இடத்தில் அவள் கடைசி எழுத்தைக் கீழே வைக்க மனமில்லாமல் ஏந்திக்கொண்டிருப்பதும், பிறகு மெல்ல மூச்சிழுப்பதும் அப்படியே இருந்தன. அதைக் குறைக்க எந்த வெள்ளைக்காரனும் குமிழ் வைக்கவில்லை. சலாஹுதீனுக்கு அழுகை வராத குறை. தன் கையாலேயே நல்ல பட்டில் சேறு பூசுகிற வேலை இது. எரிச்சலில் எல்லாக் குமிழ்களையும் ஒரு மூலைக்கு முறுக்கினான்.

நஸீரா கரண்டியோடு வந்து நின்றாள். "இப்பத் தெரியல. ஆனா யாரோ குடத்துக்குள்ள தலைய விட்டுக்கிட்டுப் பேசுற மாதிரி இருக்கு. பாட்டு எங்க?"

அதுவரை திரைக்குப் பின்னால் காத்திருந்த ஜுனைதா, "இருக்கட்டும் தம்பி, இதையே அனுப்புங்க" என்றாள். சொன்ன குரலில் உயிரில்லை.

அந்தக் குடத்துக்குள் அடைபட்ட பாட்டை இரண்டாவது ரிக்கார்டரில் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"ஏம்ப்பா சலாஹுதீன், கெணத்துல என்னத்த எறக்குனே? என் ரேடியோவுல ஒரே இரைச்சலா இருக்கு!"

ஹமீது சுல்தான். பாட்டை நிறுத்தப் பாய்ந்த சலாஹுதீன், பதற்றத்தில் ரிக்கார்டரை விட்டுவிட்டு ஈக்வலைசரின் சுவிட்சைத் தட்டிவிட்டான். அது பெட்டியைப் பாட்டின் வழியிலிருந்து விலக்கி, குரலை உள்ளபடியே விடுகிற சுவிட்ச். குடம் உடைந்த மாதிரி, ஜுனைதாவின் குரல் முழுசாக அறைக்குள் வந்துவிட்டது. திரைக்குப் பின்னால் ஒரு வளையல் சத்தம் கேட்டு அடங்கியது. சலாஹுதீன் மறுபடி கையை நீட்டினான்.

"இரு, நிறுத்தாத" என்றார் ஹமீது சுல்தான்.

நின்றபடியே கேட்டார். வரி முடிந்தது. அந்தக் கடைசி எழுத்து, அந்த மூச்சு. தீர்ந்தோம் என்று சலாஹுதீன் கண்ணை மூடிக்கொண்டான்.

"மாஷா அல்லாஹ்! யாருப்பா இந்தப் பொம்பள? எந்த ஊரு?"

சலாஹுதீன் உளறினான். "தெக்க... தெக்க ஒரு ஊரு காக்கா."

"அதானே பாத்தேன். நம்ம பக்கத்துல இப்புடிப் பாட யாரு இருக்கா?" என்றவர், "அந்த வயர மொதல்ல எடு. செய்தி கேக்கணும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

நஸீரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சலாஹுதீனுக்கும் பெரிய பாரம் இறங்கியது. காலையிலிருந்து பட்ட பாடெல்லாம் வீண் என்ற கோபம்கூடத் தோன்றவில்லை. "லாத்தா, தப்பிச்சோம்! அவருக்குத் தெரியவே இல்ல! இனி எதையும் மறைக்க வேண்டாம், பாடுனது பாடுனபடியே அனுப்பிடலாம்!"

நஸீரா திரையை லேசாக விலக்கி உள்ளே பார்த்தாள். அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"அவரு புள்ளைக அஞ்சையும் இந்தப் பாட்டப் பாடித்தான் தூங்க வச்சேன்" என்றாள் ஜுனைதா. "அடுத்த ரூம்புலதான் ரேடியோ கேட்டுக்கிட்டு இருப்பாரு."

சலாஹுதீன் தலையைக் குனிந்துகொண்டு, அவள் பாடியபடியே இருந்த முதல் டேப்பைச் சுற்றினான். உறையில் போட்டு, மேலே ஒட்டும் சீட்டில் 'தாலாட்டு' என்று எழுதினான். அதற்குக் கீழே வழக்கமாகப் பாடியவர் பெயர் வரும் இடத்தை வெறுமனே விட்டான்.

"தம்பி, என் பேரப் போடுங்க. சித்தி ஜுனைதா, கீழக்கரைன்னு முழுசாப் போடுங்க."

"லாத்தா, காக்கா பாத்தா?"

"பாக்கட்டும். அவருக்குக் கேக்கத்தான் தெரியல. வாசிக்கத் தெரியும்ல?"