இரைச்சல் நின்ற ரேக்

எங்கள் வீட்டுக்குள் செருப்புப் போட்டு நடக்கும் ஒரே ஆள் என் கணவர் விஜயராஜ்தான். சர்க்கரையால் அவருக்குப் பாதம் மரத்துவிட்டது. பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் ரப்பர் செருப்பு எழுதிக் கொடுத்ததிலிருந்து சாமி மாடத்தின் முன்னால் மட்டும்தான் அதைக் கழற்றுவார். நானும் மகள் சிந்துவும் வெறுங்கால். இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

பாகூர் கடைத்தெருவில் எங்களுக்குப் பெயிண்ட் கடை. கடை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரில் மற்ற ஆண்கள் சீட்டாடுவார்கள், இவர் தன் பாட்டுப் பெட்டிக்கும் ஸ்பீக்கருக்கும் கேபிள் செய்வார். ரெடிமேடாக வாங்கினால் கௌரவம் குறைந்துவிடும். வயரை மீட்டர் கணக்கில் வாங்கி, தோலுரித்து, முனையில் ஈயம் பற்றவைப்பார். அந்தப் புகையோடுதான் நான் குழம்பு கூட்டுவேன். போன மாதம் அதையெல்லாம் அடுக்கி வைக்க ஒரு ரேக்கும் செய்தார். துளை போட்ட இரும்பு ஆங்கிளை அறுத்து, போல்ட் முடுக்கி, கூடத்தில் என் இடுப்பு உயரத்துக்கு நிறுத்தினார். நடுத்தட்டில் ஆம்ப்ளிஃபயர், பின்னால் அவரே வயர் இழுத்த பிளக் போர்டு. ஊருக்கெல்லாம் பெயிண்ட் விற்பவர், அந்த ரேக்குக்கு மட்டும் இன்னும் ஒரு கோட் அடிக்கவில்லை.

எல்லாம் மாட்டியதும் ஸ்பீக்கரில் உம்மென்று ஓர் இரைச்சல். மனுஷர் சோறு தண்ணி மறந்தார். கேபிளைப் பிரித்தார், திரும்பக் கட்டினார், செல்போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தார். ஒரு நாள் சாயங்காலம் இரைச்சல் நின்றிருந்தது.

"கேளு கார்த்திகா. இன்னா அமைதி பாரு" என்று பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி நின்றார். எப்படி நின்றது என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் பெருக்கும்போது என் புறங்கை ரேக்கில் உரசியது. எறும்பு கடித்ததுபோல் சுருக்கென்றது. கையை இழுத்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டேன்.

"ஏங்க, ரேக்குல கரண்ட் வருது."

அவர் வந்து உள்ளங்கையை வைத்து அழுத்தினார். "எங்க வருது? எனக்கு ஒண்ணும் தெரியலயே."

"டெஸ்டர் வெச்சிப் பாருங்க."

வைத்தார். உள்ளே ஏதோ மங்கலாக மினுங்கியது. "அது சும்மா இண்டக்‌ஷன். எல்லா சாமான்லயும் இருக்கும். இப்டி பயந்துக்கினே இருந்தா நீ வூட்ல ஃபேன்கூட போட முடியாது."

எனக்குத்தான் மூளை பிசகிவிட்டதோ என்று சந்தேகம் வந்தது. இன்னொரு தடவை தொட்டுப் பார்க்கவும் தைரியமில்லை. அதன் முன்னால் இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டேன். சிந்துவிடம் கிட்டே போகாதே என்றால், "அப்பா தொட்றாரு, ஒண்ணும் ஆவல" என்றாள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அதற்கு மேல் என்ன சொல்வது? அவள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரமானால் நான் வேலையை விட்டுவிட்டு அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொள்வேன்.

ஆயுத பூஜை வந்தது. விடிந்ததும் வீட்டைக் கழுவிவிட்டேன். கழுவுவதற்காக நாற்காலிகளை வாசலில் எடுத்துப் போட்டவளும் நான்தான். அடுப்பில் சுண்டல் வெந்துகொண்டிருந்தது. அப்போது கூடத்தில் பக்திப் பாட்டு தொடங்கியது. போட்டுவிட்டு அவர் பைக்கைத் துடைக்க வெளியே போயிருந்தார்.

சமையலறை வாசலிலிருந்து எட்டிப் பார்த்தேன். கையில் சந்தனக் கிண்ணத்தோடு சிந்து. சைக்கிளுக்கு வைத்துவிட்டாள், தையல் மெஷினுக்கு வைத்துவிட்டாள். ஈரத் தரையில் வெறுங்காலோடு ரேக்கை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். நீட்டிய விரலிலிருந்து சந்தனத் தண்ணீர் சொட்டியது.

கத்தினால் திடுக்கிட்டு எதையாவது பிடிப்பாள். பிடிக்க அந்த இரும்புதான் பக்கத்தில் இருக்கிறது. ஓடினால் வழுக்கும். மெயின் சுவிட்ச் சமையலறை வாசலிலேயே, என் தலைக்கு மேலே. எம்பிப் பிடித்து இழுத்தேன். பாட்டு பாதியில் அறுந்தது. திரும்பிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

"அம்மா, கரண்ட் பூட்ச்சி."

அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் மூச்சு விட்டேன். அவள் விரல் ரேக்கின் மேல் இருந்தது, அதன் கீழே ஈரச் சந்தனம்.

"யாரு மெயின எறக்குனது?" என்று கேட்டுக்கொண்டே அவர் உள்ளே வந்தார். சிந்துவைச் சமையலறை வாசலுக்கு இழுத்து வந்து என் பின்னால் நிறுத்திக்கொண்டேன். கோபம் வந்தது. மெயினை மறுபடி ஏற்றினேன். பாட்டு வந்தது.

"செருப்பக் கழட்டிட்டுத் தொடுங்க."

"இன்னா இது, நல்ல நாளும் அதுவுமா?"

"ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்க இல்ல. கொழந்த நின்ன எடத்துல நின்னு தொடுங்க."

கழற்றினார். வீம்பாகத்தான் கழற்றினார். ஈரத்தில் காலை வைத்துக் கையை நீட்டினார். தொட்டுவிடுவாரோ என்று எனக்கு உயிரே போனது. வாய்தான் வீறாப்புப் பேசியது, கை மெயினை விடவில்லை. ரேக்குக்கு ஒரு சாண் இருக்கும்போது அவர் கை நின்றது. தன் காலைப் பார்த்தார். பிறகு சிந்துவைப் பார்த்தார்.

"கார்த்திகா, மெயின எறக்கு."

இறக்கினேன். அவர் அப்படியே ஈரத்தில் உட்கார்ந்து, ரேக்கின் பிளக்கைச் சுவரிலிருந்து உருவி என்னிடம் நீட்டினார். மூன்று பின்னில் தடித்ததை மொட்டையாக வெட்டியிருந்தார். "எர்த்து. இத வெட்னாதான் எரச்சல் நிக்கும்னு வீடியோல சொன்னான்." பின்பக்கம் போர்டுக்குப் போகும் வயரை ஆங்கிளின் அறுத்த முனை அரித்து, உள்ளே செம்பு தெரிந்தது. இரும்பில் ஏறும் கரண்ட் மண்ணுக்கு இறங்க இருந்த ஒரே வழியைத்தான் வெட்டி வைத்திருந்தார்.

"அப்ப நான் சொன்னப்பவே உங்களுக்குத் தெரியும்" என்றேன்.

அவர் சந்தனப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வயர் புதிது, மூன்று பின்னும் உள்ள பிளக் புதிது, முனைகளுக்கெல்லாம் அரம் போட்டாயிற்று. ஸ்பீக்கர் பழையபடி உம்மென்று இரைகிறது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அந்தச் சத்தம் காதில் விழுந்த பிறகுதான் நான் சிந்துவைக் கூடத்துக்குள் விடுகிறேன்.