தகரத்துக்கு அந்தப் பக்கம்

பேங்க் மேனேஜர் நீட்டிய சட்டையைப் பலகையில் விரித்தபோதே இஸ்திரிக்கடைக்காரிக்குத் தெரிந்துவிட்டது, இதுவும் விழாவுக்குப் போகிற சட்டைதான். காலையிலிருந்து இப்படியே வந்துகொண்டிருக்கிறது. கொஞ்சம் சூடு அதிகம் வைத்தால் உருகிப் போகிற துணிகள். தெருவே டிக்கெட் வாங்கிக்கொண்டு இசை விழாவுக்குப் போகிறது, அவளைத் தவிர.

"டிக்கெட் என்ன சார் இந்த வருஷம்?" தெரியாதவள் மாதிரிக் கேட்டாள்.

அவர் தொகையைச் சொல்லிவிட்டு, "போன வருஷத்துக்கு ரெண்டு மடங்கும்மா. பகல் கொள்ளை. ஆனா அந்த லைட்டு, அந்தக் கூட்டம், அதெல்லாம் நேர்ல பாக்கணும். குடுத்துட்டுப் போகலாம்" என்றார்.

"வயலின் யாரு சார் வாசிக்கிறா?"

"அதெல்லாம் யாராவது பின்னாடி இருப்பாங்க. பாடறவருதான் நமக்கு."

இஸ்திரிப் பெட்டியைத் தேவைக்கு மேலேயே அழுத்தினாள். அந்த யாராவது அவள் பெற்ற பெண். இரண்டாவது பாட்டு ஆரம்பிக்கும்போது மேடையில் அவள் மட்டும் தனியாக வாசிக்கப் போகிறாள். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி, "அப்ப நீங்க வரலையா?" என்று வரும். அந்தப் பதிலைச் சாயங்காலத்துக்கு வைத்திருந்தாள்.

வயிறு எரியாமல் என்ன செய்யும்? விழா நடக்கிற மைதானம் அவர்கள் சந்துக்குப் பின்னால்தான். ஒரு காலத்தில் சில்லறையைக் கொடுத்துவிட்டுப் புல்லில் நின்று கேட்கலாம். பிறகு நாற்காலி வந்தது, நாற்காலிக்கு விலை வந்தது, முன் நாற்காலிக்கு வேறு விலை வந்தது. சந்துக்காரர்கள் மொட்டைமாடிக்கு ஏறினார்கள். அதுவும் விழாக்காரர்களின் கண்ணை உறுத்தியதோ என்னவோ, இந்த வருஷம் மைதானத்தைச் சுற்றி மாடி உயரத்துக்குத் தகரம் அடைத்துவிட்டார்கள். சும்மா வருகிற சத்தத்துக்கு மட்டும்தான் இன்னும் பூட்டுப் போடவில்லை. பெண்ணுக்கு அவர்கள் கொடுக்கிற சம்பளமோ ஒரு டிக்கெட்டுக்குக்கூடக் காணாது. வீட்டாருக்கு பாஸ் கேட்டதற்கு, பாடுகிறவர் வீட்டுக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்களாம். இதில் பெரிய கூத்து, அந்தத் தகரத்தை அடைத்தது அவள் புருஷன். ஊரில் வேறு வெல்டரே கிடைக்கவில்லை போல.

ஆனால் வேலை முடிந்த அன்று அவன் முகமெல்லாம் பல்லாக வந்தான். கான்ட்ராக்டர் கையில் கட்டுகிற மஞ்சள் பட்டை இரண்டு கொடுத்திருந்தான். "இதக் கட்டிக்கிட்டா எங்க வேணா போகலாம்னு சொன்னாரு." அவள் மேனேஜரிடம் சொல்லாமல் அடக்கிக்கொண்டதும் அதனால்தான். உள்ளே போய் உட்கார்ந்து, அவரைத் திரும்பிப் பார்க்க வைத்துச் சொல்லலாம் என்று இருந்தாள்.

சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு, இருப்பதில் நல்ல புடவையைத் தானே தேய்த்துக் கட்டிக்கொண்டாள். வாசலில் காவலாள் பட்டையைத் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணே, இது வேலையாளுங்க பட்டை. கேட் தொறக்குற வரைக்கும்தான் செல்லும்."

வெல்டர் கான்ட்ராக்டருக்கு போன் போட்டான். அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க ஆளில்லை.

"ஏம்ப்பா, உள்ள வயலின் வாசிக்கிறாளே, அவளப் பெத்தவ நான். அதுக்கு என்ன கலர் பட்டை?" என்றாள் அவள்.

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காவலாள் குரலைத் தாழ்த்தி, "அக்கா, நானே மேடைக்கு முதுகக் காட்டிக்கிட்டுதான் நிக்கணும். என்னைத் திட்டி என்ன ஆகப்போவுது?" என்றான். அவனைத் திட்ட மனசு வரவில்லை. திட்ட வேண்டிய ஆள் யாரென்றே தெரியாததுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது.

விறுவிறுவென்று தகரத்தை ஒட்டியே சந்துப் பக்கம் நடந்தாள். அவன் பின்னாலேயே வந்தான். உள்ளே முதல் பாட்டு ஆரம்பித்துவிட்டது.

"நீங்க போட்ட தகரம்தானே? எங்கயாவது ஒரு இடுக்கு இருக்கும்ல, காட்டுங்க."

அவன் தகரத்தைக் கையால் தடவிக்கொண்டே நடந்தான்.

"உங்களத்தான் கேக்கறேன்."

"இடுக்கே கெடையாது."

"கெடையாதா? எப்பவும் ரெண்டு விரக்கடை விட்டு ஸ்க்ரூதானே அடிப்பீங்க?"

"மத்த பக்கமெல்லாம் ஸ்க்ரூதான். மேடைக்குப் பக்கத்துல, இந்த நீளம் பூரா வெல்டு வச்சுட்டேன்."

"அந்தக் கட்டையில போற கான்ட்ராக்டரு வைக்கச் சொன்னானா?"

"அவன் எங்க சொன்னான்? நானாத்தான் வச்சேன்." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஸ்க்ரூவா இருந்தா காத்துக்குத் தடதடன்னு அடிக்கும். பாப்பா வாசிக்கிற நேரத்துல எடஞ்சலா இருக்கக் கூடாதுன்னு..."

அவளுக்கு அழுகிறதா சிரிக்கிறதா என்று தெரியவில்லை. கூலி கேட்காமல், யாரும் சொல்லாமல், உட்கார்ந்து உட்கார்ந்து ஒட்டியிருக்கிறான், பாவி மனுஷன். பெற்றவர்கள் கண்ணுக்கு ஒரு பொட்டு வெளிச்சம்கூடக் கசியாதபடி அவ்வளவு சுத்தமான வேலை. அவன்மேல் கோபப்படப் பார்த்தாள். கோபம் அவனைத் தாண்டிக்கொண்டு தகரத்தில் போய் நின்றது.

உள்ளே பாட்டு முடிந்து கைதட்டல் எழுந்தது. தட்டுகிறார்கள், நல்லாத் தட்டுகிறார்கள். மேனேஜரும் தட்டிக்கொண்டிருப்பார், அவள் தேய்த்த சட்டை கசங்க. குனிந்து காலிலிருந்த செருப்பைக் கழற்றினாள். கொடுத்த காசுக்கு இதையும் சேர்த்துக் கேட்டுவிட்டுப் போங்கள் என்று கையை ஓங்கினாள். தகரத்தில் ஓங்கி ஒன்று விட்டால் மைதானமே திரும்பிப் பார்க்கும்.

கைதட்டல் அடங்கியது.

ஒரே ஒரு வயலின் எழுந்தது. எத்தனையோ நாளாக இஸ்திரிப் பலகைக்குப் பின்னால் கேட்டுக் கேட்டு, "போதும்டி, காது வலிக்குது" என்று அவள் அதட்டிய அதே வாசிப்பு. இன்னும் கொஞ்சம் போனால் ஒரு திருப்பம் வரும், அங்கேதான் பெண் எப்போதும் தடுக்குவாள். மூச்சை அடக்கிக்கொண்டாள். வெல்டர் இரண்டு உள்ளங்கைகளையும் தகரத்தில் வைத்துக் கண்ணை மூடி நின்றான்.

சந்துப் பக்கமிருந்து காற்று எழுந்து அவள் புடவைத் தலைப்பைத் தூக்கி அடித்தது. தகரம் அசையவில்லை. செருப்போடு ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது.