ஒசேம் முதுகில் ஒரு பொந்து

பெல்ரோஸ் சதுப்பில் கடைசி சைப்ரஸ் மரம் விழுந்ததற்கு மறு வருஷம், தவக்காலத்தில், ஒசேம் நாக்கனின் முதுகில் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே ஒரு பொந்து விழுந்தது. ரத்தமில்லை, வலியுமில்லை. முதுகு தேய்த்துவிட்ட மனைவி யூலாலிதான் முதலில் பார்த்தாள். கை மணிக்கட்டு வரை உள்ளே போனது. "உள்ள காஞ்சுதான்யா இருக்கு," என்றாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு மில்லுக்குப் போனான்.

மரமில்லில் அவனுக்குப் பலகை இழைக்கிற வேலை. அவன் இழைத்த பலகையில் ஈ உட்கார்ந்தால் வழுக்கும் என்பார்கள். அந்தப் பக்கத்து மரத்தையெல்லாம் மில் தின்று தீர்த்ததில் அதிகம் அடிபட்டது கிளைவாத்து. அது மரக்கிளையில் உட்காரும், மரப்பொந்தில்தான் முட்டையிடும். ஆணின் இறகு அழகு என்று சுட்டவர்கள் பாதி, குழம்புக்குச் சுட்டவர்கள் பாதி. இனிச் சுடக்கூடாது என்று லூசியானா மாநிலத்துக்குச் சட்டம் வந்தபோது சுட ஒன்றும் மிச்சமில்லை. ஆகவே எல்லோரும் சட்டத்தை மதித்தார்கள்.

ஒசேமுக்கு மனசு கேட்கவில்லை. நல்ல பலகையாகப் பொறுக்கிப் பெட்டிகள் செய்து, ஓட்டை போட்டு, தண்ணீரில் நட்ட கம்பங்களில் மாட்டினான். உள்ளும் புறமும் கண்ணாடியாக இழைத்திருந்தான். சொரசொரப்பாக ஒரு பலகையை வெளியே விடுவது மில்காரனுக்கு அவமானம். மிச்சமிருந்த வாத்துகள் வந்து அடைகாத்தன. குஞ்சு பொரித்த மறுநாள் தாய் கீழே நின்று கூப்பிடும். குஞ்சுகள் உள்சுவரில் நகம் பதித்து ஏறிவந்து குதிக்கும். இழைத்த பலகையில் நகம் நிற்கவில்லை. தாய்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டன. ஒசேம் திறந்தபோது எல்லாம் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

பக்கத்து வீட்டு தெல்ஸ்போர் எட்டிப் பார்த்தான். "சவப்பெட்டி நல்லா செஞ்சிருக்கடா. நான் செத்தா எனக்கும் இதே இழைப்பு இழைச்சுரு."

ஒசேம் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் விழுந்ததுதான் பொந்து.

ஈஸ்டர் முடிந்ததும் ஒரு பெட்டை வாத்து அதற்குள் புகுந்து முட்டையிட்டது. ஒசேம் வேலையை விட்டான். சதுப்போரம் வெட்டுப்பட்ட ஓர் அடிமரத்தில், முதுகைத் தண்ணீருக்குக் காட்டி உட்கார்ந்தான். யூலாலி சோற்றில் ஓடை இறால் குழம்பு ஊற்றி ஊட்டினாள், கொசு விரட்டினாள். ஊர்க்காரர்கள் அந்த இடத்தில் படகை மெதுவாக வலித்தார்கள். பாதிரியார் நற்கருணையை அங்கேயே கொண்டுவந்து கொடுத்தார். ஒரு குஞ்சாவது தண்ணீர் சேர வேண்டும் என்பதற்கு மேல் அவன் எதுவும் வேண்டவில்லை.

வாத்து அடையில் இருக்கும்போதே, சதுப்பை வற்றவைத்து விளைநிலமாக்க வந்த கம்பெனி, ஓடையின் மேல்பக்கம் கரை போட்டு அடைத்தது. தண்ணீர் நாளுக்கு நாள் பின்வாங்கியது. எழுந்து அதன் பின்னால் போகலாம். ஆனால் அசைந்தால் வாத்து முட்டையை விட்டுவிட்டுப் போய்விடும். உட்கார்ந்தே இருந்தான். குஞ்சுகள் பொரித்தன. தாய் சேற்றில் நின்று கூப்பிட்டது. அவனுக்கு உள்ளே யாரும் இழைத்ததில்லை, நகங்கள் நன்றாகப் பிடித்தன. ஒவ்வொன்றாக ஏறிவந்து குதித்து, வெடித்த சேற்றில் தாயின் பின்னால் ஓடின. காக்கைகள் இறங்கின. யூலாலி கடைசிவரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சேந்துச்சா?" அவன் திரும்பாமல் கேட்டான்.

"சேந்துருச்சுய்யா. எல்லாமே."

தண்ணீரில் ஒன்றும் விழுந்த சத்தம் இல்லை என்பது அவனுக்கும் தெரியும். "சரி," என்றான்.

அதற்கடுத்த வசந்தத்தில் இன்னும் உள்ளே, தண்ணீர் நின்ற இடத்தில் போய் உட்கார்ந்தான். தண்ணீர் அதற்கும் உள்ளே போனது. இப்போது அங்கே போய்ச்சேர அரை நாள் ஆகிறது. வருஷா வருஷம் வாத்து வருகிறது. அவன் கேட்கிறான், அவள் சேர்ந்துவிட்டது என்கிறாள். சட்டைத் துணி வெட்டும்போதே யூலாலி முதுகில் வட்டமாக ஒரு ஓட்டை விட்டு, இறகு சிக்காமல் ஓரம் மடித்துத் தைத்துவிடுகிறாள்.