கொக்கி விழுந்த பிறகு ஆணையர்

இடுப்பு விட்டுப்போயிற்று. விடிந்ததிலிருந்து நகராட்சி அலுவலக வாசலில் இரும்புத் தடுப்புகளை இறக்கி, ஒன்றோடொன்று கொக்கி மாட்டிக்கொண்டிருந்தான் தடுப்புக்காரன். தடுப்புகளுக்கு உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் தெருக்கூட்டும் பெண்கள். அவன் பெண்டாட்டியும் அதில் ஒருத்தி. கேட்டது ஒன்றே ஒன்று: குப்பைக்கிடங்கில் ஒரு கழிப்பறை. இருட்டில் வேலைக்கு வந்தால் மதியம் வீடு திரும்பும்வரை அடக்கிக்கொண்டே கூட்ட வேண்டியிருந்தது.

"கட்டின பொண்டாட்டியையே மாட்ட அடைக்கிற மாதிரி அடைக்கிறியே, வெக்கமா இல்ல?"

"கத்தாதடி, இன்ஸ்பெக்டர் பாக்குறாரு. நான் என் வேலையப் பாக்குறேன், நீ போராட்டத்தப் பாரு."

"ராத்திரி சோறு கேப்பேல்ல, அப்ப பாத்துக்கிறேன்."

மனு வாங்க ஆணையர் வந்தார். விட்டிருந்த ஒரே இடைவெளி வழியாக, கேமராக்களைப் பார்த்துச் சிரித்தபடி உள்ளே நுழைந்தார். ஆள் நுழைந்ததும் பின்னாலேயே மூடுவது தடுப்புக்காரனின் கைக்குப் பழகிப்போன வேலை. எத்தனை கூட்டம் பார்த்த கை! யார் நுழைந்தது என்று பார்க்கவில்லை. டணாரென்று கொக்கி விழுந்தது.

"டேய், தொறடா!" இன்ஸ்பெக்டர் பாய்ந்து வந்தார்.

அவன் தூக்கிப் பார்த்தான். அசையவில்லை. "இவங்கள்லாம் தடுப்புல சாஞ்சிருக்காங்க சார். பாரம் இருந்தா கொக்கி இறுகிடும். எந்திரிச்சாத்தான் வரும்."

"எந்திரிங்கம்மா!"

"சாயங்காலம் வரைக்கும் உக்கார நீங்கதானே சார் அனுமதி குடுத்தீங்க?" என்றாள் பெண்டாட்டி.

ஆணையர் தாண்டிவிடலாம் என்று ஒரு காலைத் தூக்கினார். அத்தனை கேமராக்களும் சேர்ந்து மேலே எழும்பின. காலை இறக்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு அலுவலகக் கட்டடத்தை ஏக்கத்தோடு பார்த்தார். நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி நின்றார். பெண்களில் வெண்கலத்தொண்டை என்று பேர் வாங்கியவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏய், ஐயாவுக்கு அவசரம்டி!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"அடக்குங்க சார், பழகிடும்" என்றாள் பெண்டாட்டி. "மொத நாலஞ்சு வருசந்தான் கஷ்டம்."

தடுப்புக்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

"கட்டித் தர்றேன்மா! ஒரே மாசத்துல!" என்று கத்தினார் ஆணையர்.

"மைக்குல சொல்லுங்க."

சொன்னார்.

"தாப்பா?"

"தாப்பாவோட!"

"தண்ணி?"

"தண்ணியோட! எந்திரிங்க தாயீ, புண்ணியமாப் போகும்!"

எழுந்தார்கள். அவசரமில்லாமல், சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டித் தட்டி எழுந்தார்கள். கொக்கி கழன்றது. ஆணையர் ஓடிய ஓட்டத்தில் அவர் கையில் கொடுத்திருந்த மனு காற்றில் பறந்தது.

"இனிமே உன்னை இந்தப் பக்கமே பாக்கக் கூடாது" என்று இன்ஸ்பெக்டர் தடுப்புக்காரனிடம் உறுமினார்.

"வுடுய்யா" என்று பெண்டாட்டி அவன் இடுப்பில் ஒரு குத்து விட்டாள். "இன்னைக்குத்தான் உருப்படியா ஒரு வேலை பாத்திருக்க."

மாதம் மூன்றாயிற்று. கிடங்கில் ஒரு செங்கல்கூட இறங்கவில்லை. தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள ஒரு கழிப்பறை, அந்தப் பெண்களுக்கு ஆணையர் தரவேண்டிய கடன், இன்னும் பாக்கி.