என் கோபத்துக்கு அவள் நாடி

எனக்குக் கோபம் வரும். முடிவெட்டுகிறவனுக்குக் கோபம் வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கத்தி நம் கையில் இருக்கிறது, கழுத்து அவர்களுடையது. இலையுதிர்காலம் தொடங்கியதும் கண்ணெரிச்சலும் நெஞ்செரிச்சலும் சேர்ந்துகொண்டன. "தலையை ஆட்டாதீங்க, காது கையோட வந்துடும்" என்று ஒருநாள் நான் கத்திய கத்தலில், என் கடை நாற்காலியிலேயே நரைத்துப்போன கணக்கு வாத்தியார் பாதி வெட்டிய தலையோடு எழுந்து எதிர்க்கடைக்குப் போய்விட்டார். அவர் பின்னாலேயே இன்னும் பலர் போனார்கள். இப்படியே போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

வைத்தியரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று நான் அடம்பிடித்ததால், என் மனைவி தையல் வேலையைப் போட்டுவிட்டு எனக்காக ஆயுர்வேத வைத்தியர் அம்மாவிடம் போனாள். வந்ததும் வராததுமாக அடுப்பைப் பற்றவைத்தாள்.

"காத்து வறண்டு போச்சாம். இந்தப் பருவத்துல வாதம் ஏறுமாம். இனிமே பச்சையா, ஆறிப்போனதா எதுவும் கிடையாது."

இஞ்சியும் பூண்டும் தட்டிப்போட்ட சுடுகஞ்சி, குழைய வேகவைத்த கிழங்கு, எல்லாவற்றின் மேலும் தாராளமாக எண்ணெய். காலையில் உடம்பு முழுக்க நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளியல். இருட்டியதும் படுக்கை. இரண்டு சமையல் செய்ய அவளுக்கு ஏது நேரம்? அவளும் அதையே சாப்பிட்டாள். எனக்குத் துணையாக எண்ணெயும் தேய்த்துக்கொண்டாள்.

எனக்கு எதுவும் அடங்கவில்லை, இன்னும் எரிந்தது. ஆனால் அவள்? வருஷக்கணக்காகப் பொட்டுத் தூக்கமில்லாமல் புரண்டவள், படுத்ததும் குறட்டை விட்டாள். வெடித்த உதடு ஆறியது. சாவியை எங்கே வைத்தேன் என்று வீட்டைத் தலைகீழாக்குவது நின்றது. தையல் மெஷினில் உட்கார்ந்தால் பாட்டு வேறு. மருந்து எனக்கு, குணம் அவளுக்கு. இது என்ன கணக்கு என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

சண்டை போடுவதற்கென்றே வைத்தியர் அம்மாவிடம் போனேன். "உங்க கஞ்சி என்னைக் கொளுத்துது" என்றேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக் கண்மூடி நாடி பார்த்தார்.

"கொளுத்தத்தான் செய்யும். உங்களுக்குப் பித்தம். கோடைச் சூடு இன்னும் உள்ளேயே நிக்குது. இஞ்சி, பூண்டு, எள்ளு எதையும் தொடாதீங்க. இனிப்பும் கசப்பும் சேத்துக்கங்க."

"அப்ப எதுக்கு அந்தக் கஞ்சியைச் சொன்னீங்க?"

"உங்களுக்கு எங்க சொன்னேன்? வந்தவங்க கையைப் பிடிச்சேன். அவங்க நாடிக்குச் சொன்னேன்."

"அவ எனக்காகல்ல வந்தா!"

"இங்க வர்றவங்கள்ல பாதிப் பேரு தன் நோவை வீட்டுக்காரர் நோவுன்னுதான் சொல்றாங்க. நான் வாய் சொல்றதை விட்டுட்டு நாடி சொல்றதைத்தான் எடுத்துக்குவேன்."

சண்டையை மறந்துவிட்டுத் திரும்பினேன். வீட்டில் சந்தோஷமாகத்தான் விஷயத்தைச் சொன்னேன். "அந்தக் கஞ்சி உனக்குத்தானாம்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "எனக்கா? எனக்கென்ன கேடு? கல்லு மாதிரி இருக்கேன்."

அன்றோடு கஞ்சி நின்றது. எனக்கு உகந்த பழமும் பாலும் வெள்ளரிக்காயும் கசப்புக் கீரையும் வந்தன. அவளும் அதையே தின்றாள். கேட்டால், "எனக்குன்னு தனியா உலை வைக்கணுமா? நல்லா இருக்கே கதை!" நானே காய்ச்சிக் கொடுத்தும் பார்த்தேன். வாயில் வைக்கவில்லை.

என் எரிச்சல் அடங்கியது. வாத்தியார்கூடத் திரும்பி வந்து, எதிர்க்கடைக்காரன் கை சரியில்லை என்றார். வீட்டில் இவளோ கண்ணுக்குக் கீழே கருவளையமும் உதட்டில் ரத்தமுமாக, ஊசியை விரலில் வைத்துக்கொண்டே ஊசியைத் தேடுகிறாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. என்ன பெண் இவள்! எனக்கென்றால் மலையைப் புரட்டுவாள், தனக்கென்றால் ஒரு பிடி அரிசி கழுவமாட்டாள்.

ஒரு சாயங்காலம், சட்டைப் பொத்தான் அறுந்திருக்கிறது என்று வேண்டுமென்றே வானத்துக்கும் பூமிக்கும் குதித்தேன். தட்டைத் தள்ளினேன். "வைத்தியர் அம்மா மாத்திச் சொல்லிட்டாங்க. முன்ன குடிச்ச இஞ்சிக் கஞ்சிதான் எனக்குச் சரியாம்" என்று புளுகினேன்.

"அதானே பாத்தேன்! நாடி பிடிச்ச லட்சணம்!" என்று ஓடிப்போய் இஞ்சியைத் தட்டினாள்.

நான் குடிக்காவிட்டால் அவள் தொடமாட்டாள். அதனால் நானும் குடிக்கிறேன். அவள் தூங்குகிறாள். எனக்கு மறுபடி கண் எரிகிறது. இன்று கடையில் வாத்தியாரைப் பார்த்துக் கத்தினேன். நடிப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கடையில் நான் யாருக்காக நடிக்க வேண்டும்? அவர் துண்டை உதறிவிட்டு எழுந்து போனார். இனி வரமாட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "பாவம்ங்க நீங்க, இன்னும் சரியாகலையே" என்று என் கிண்ணத்தை நிரப்பினாள், தன் கிண்ணத்தில் அரைக் கரண்டி ஊற்றிக்கொண்டாள்.

நான் மடமடவென்று குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்து, நீயும் ஊத்திக்க" என்றேன்.