கழுத்தில் வைத்த சந்தனம்

மதுரை மாவட்ட மாதிரி ராக்கெட் ஆர்வலர் பேரவையில் மொத்தம் ஏழு பேர். தலைவர், செயலாளர், பொருளாளர், துணைத் தலைவர்கள் இருவர், கௌரவ ஆலோசகர் ஒருவர் போக, வெறும் உறுப்பினராக மிஞ்சியவன் சிவபாண்டி மட்டும். ராக்கெட் செய்யத் தெரிந்தவனும் அவன் மட்டும்தான். பேரவைக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. ஊரில் எந்தப் பேரவை வேறு மாதிரி நடக்கிறது?

தலைவர் கருத்தக்கண்ணன் கே.கே. நகரில் ஃப்ளெக்ஸ் அச்சடிக்கும் கடை வைத்திருந்தார். ஆகவே மூன்றரை அடி ராக்கெட்டுக்கு முப்பதடி பேனர். அதில் தலைவர் விண்வெளி உடையில், ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சிரித்தார். பின்னால் நிலா. ராக்கெட்டின் படமும் இருந்தது. கீழ் மூலையில், கடையின் தொடர்பு எண்ணுக்குப் பக்கத்தில், ஊதுபத்தி அளவில்.

சிவபாண்டி லிஃப்ட் மெக்கானிக். ஆட்களை மேலே ஏற்றிக் கீழே இறக்குகிற வேலையில் இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. ஏற்றுவது ஒரு காரியமே இல்லை என்பது அவன் கட்சி. ஏற்ற மோட்டார் போதும், இறக்கத்தான் அறிவு வேண்டும் என்பான். ராக்கெட்டிலும் அவனுக்குப் பிடித்தது இறக்கம்தான். உச்சிக்குப் போனதும் உள்ளே சின்னதாக ஒரு மருந்து வெடித்து, ராக்கெட்டின் மூக்கைத் தள்ளிவிடும். மூக்கு கழன்றதும் மடித்து வைத்த பாராசூட் வெளியே வந்து குடையாக விரியும். அதுவரை சீறிக்கொண்டு போன சாமான், அப்புறம் யாருக்கும் அவசரமில்லை என்பதுபோல ஆடி ஆடி இறங்கும்.

முத்துமீனாவிடம் அவன் முதன்முதலாகப் பேசியதே இதைத்தான். போன வருஷம் ஒரு க்ளினிக்கில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோனது. உள்ளே, அங்கே மருந்தகத்தில் வேலை பார்க்கும் முத்துமீனா ஒருத்தி மட்டும். கதவைத் திறக்க முக்கால் மணி நேரம். அம்புட்டு நேரமும் அவளுக்குப் பயம் வராமலிருக்க, கதவிடுக்கில் வாயை வைத்து எதையாவது பேசியாக வேண்டும். சிவபாண்டிக்குப் பேசத் தெரிந்த விஷயம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். வெளியே வந்தவள் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

"அந்தக் குடை விரியிறத ஒரு தடவ பாக்கணும்" என்றாள்.

தை மாதம் பதிவாளர் அலுவலகத்தில் இருவரும் மாலை மாற்றிக்கொண்டார்கள். அவனுக்கு நாற்பத்தெட்டு, அதுவரை கல்யாணம் கூடிவரவில்லை. அவளுக்கு நாற்பத்திரண்டு, புருஷன் போய்ப் பதினோரு வருஷம்.

ஆக, பங்குனியில் அந்த ஞாயிற்றுக்கிழமை பேரவைக்கு மதுரையின் விண்வெளி யுகத் தொடக்கமாக இருந்தது. சிவபாண்டிக்கு அது மீனா குடை விரிவதைப் பார்க்கப்போகிற நாள். எட்டு மாதம் அட்டைக் குழாயோடும் பசையோடும் கிடந்தது அதற்குத்தான். மோட்டார் ஒன்றே ஒன்று. எங்கிருந்தோ தபாலில் வர ஐந்து மாதம் பிடித்தது. இது போனால் அடுத்தது எப்போது என்று அவனுக்கே தெரியாது.

பரவை ஊரைத் தாண்டி ஒரு வறண்ட கண்மாயில் இடம். காற்று எழுவதற்குள், காலை ஆறரைக்கே விட்டுவிடலாமென்று சிவபாண்டி சொல்லியிருந்தான். வண்டியில் பின்னால் உட்கார்ந்து ராக்கெட்டைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள் மீனா. கண்மாய்க்குள் இறங்கித் துண்டைப் பிரித்தபோதுதான் அவன் பார்த்தான்.

ராக்கெட்டுக்குச் சந்தனம் வைத்திருந்தாள்.

மூக்கும் உடம்பும் சேருகிற இடம் பார்க்கக் கழுத்து மாதிரிதான் இருக்கும். சந்தனம் பூச அதைவிட நல்ல இடம் யாருக்குத் தோன்றும்? சுற்றிலும் வளையமாக, நன்றாகக் குழைத்து, தாராளமாக அப்பியிருந்தாள். அதன்மேல் நாலு பக்கமும் குங்குமம். மதுரையில் புதிய பைக்கும் மாவு மில்லும் இப்படித்தான் முதல் நாள் புறப்படும். ஆயுத பூஜைக்கு லிஃப்ட் மோட்டாருக்கு வைத்த சந்தனத்தைத் தீபாவளிவரை சுரண்டுகிறவன் சிவபாண்டி. ஈரச் சந்தனம் இடுக்கில் இறங்கினால் அட்டை ஊறி உப்பும். காய்ந்தால் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டால் மூக்கு கழலாது. மூக்கு கழலாவிட்டால் குடை இல்லை.

இப்போதே துடைத்து, கொஞ்சம் உலர்த்தினால் சரியாகிவிடும். கை துண்டுக்குப் போனது.

மீனா அவனைப் பார்க்கவில்லை, ராக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அண்ணன் மகள் சடங்கில் சந்தனக் கிண்ணத்தை எடுக்கப் போன தன்னிடமிருந்து மதினி சத்தமில்லாமல் அதை வாங்கிக்கொண்டதை ஒரு தடவை சொல்லியிருந்தாள். ஒரு தடவைதான், மாத்திரைகளை எண்ணிக்கொண்டே, யாருக்கோ நடந்ததுபோல. பதினோரு வருஷத்தில் அவள் கையால் சந்தனம் ஏறிய முதல் பொருள் இந்த ராக்கெட்.

சிவபாண்டி துண்டை மடித்து வண்டியில் வைத்தான்.

அதற்குள் தலைவர் வந்துவிட்டார். இது விஞ்ஞான நிகழ்ச்சி, போட்டோவில் மூடநம்பிக்கை மாதிரித் தெரியும் என்று கவலைப்பட்டார். பேனர் கட்டியதும் அதற்குத் திருஷ்டிப் பூசணி உடைத்தவர் அவர்தான். துண்டுகள் இன்னும் கம்பத்தடியில் கிடந்தன. பாட்டில் தண்ணீரில் கைக்குட்டையை நனைத்துக்கொண்டு அவரே குனிந்தார்.

"தொடைச்சு விட்ருவோம் மாப்ள. ரெண்டு நிமிசம்."

"இருக்கட்டும்ணே" என்றான் சிவபாண்டி.

"நல்லாவா இருக்கு?"

"எனக்கு நல்லா இருக்கு. கைய எடுங்கண்ணே."

அவன் இப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. தலைவர் கைக்குட்டையால் தன் கழுத்தைத் துடைத்துக்கொண்டு போனார். மீனா அப்போதுதான் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

ஆறரைக்கே, சந்தனம் காய்வதற்குள் விட்டுவிட்டால் மூக்கு கழன்றுவிடும் என்று ஒரு நப்பாசை இருந்தது. ஆனால் சிறப்பு விருந்தினர் வர வேண்டுமே. ஏதோ ஒரு கல்லூரியின் தாளாளர், முனைவர் அழகுபாண்டி. எதில் முனைவர் என்று கேட்டவர்களை அவர் மறுபடி சந்தித்ததில்லை. "வந்துக்கிட்டே இருக்காரு" என்று செயலாளர் மூன்று மணி நேரம் சொன்னார். வெயில் ஏற ஏறச் சந்தனம் வெளுத்து, காய்ந்து, மயிரிழையாக வெடித்தது. யாரும் பார்க்காதபோது சிவபாண்டி மூக்கை லேசாகத் திருகிப் பார்த்தான். அசையவில்லை.

ஒன்பதரைக்குத் தாளாளர் வந்து பொன்னாடை வாங்கி, இருபத்தைந்து நிமிஷம் பேசினார். கண்டங்களுக்கு முன்பே தமிழன் கோள்களைக் கண்டவன் என்றார். நம் முன்னோர் விடாத ராக்கெட்டா என்றார். முன்னோர் விட்டது எங்கே போய் விழுந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.

குடை வராது என்று தெரிந்தபிறகு சிவபாண்டி செய்யக்கூடியது ஒன்றுதான் பாக்கி. ஏவும் கம்பியை ஆளில்லாத பக்கமாகச் சாய்த்து வைத்தான். இன்னும் நூறு அடி தள்ளிப் போங்கள் என்று எல்லாரையும் கரைமேல் ஏற்றினான். சிறப்பு விருந்தினரைச் சிறப்பு நாற்காலியோடு கிளப்பியதில் பேரவைக்குப் பெரிய மனத்தாங்கல். இரண்டு துணைத் தலைவர்களும் பதவிக்கு வந்த நாளிலிருந்து செய்த ஒரே வேலையாக அந்த நாற்காலியைத் தூக்கிப் போனார்கள்.

பொத்தானை மீனாவை அமுக்கச் சொன்னான். தலைவர் நீட்டிய கை நீட்டியபடி நின்றது.

சர்ரென்று போனது. புகைக்கோடு ஒன்று நேராக ஏறி, சற்றே வளைந்து, வெளிச்சத்தில் கரைந்தது. அவள் கையை நெற்றிக்குக் கொடுத்து அண்ணாந்திருந்தாள். உச்சியில் ஒரு பொட்டுப் புகை. குடைக்காக அவள் காத்திருப்பதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். வானத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை. ராக்கெட் தலைகீழாகத் திரும்பி, போன வேகத்திலேயே வந்து, கண்மாயின் நடுவில் குத்தி நின்றது.

தாளாளர் எழுந்து கைதட்டினார். "திட்டமிட்டபடி மண்ணைத் தொட்டது" என்று மைக்கில் அறிவித்தார் தலைவர்.

எடுத்துவரப் போனது அவர்கள் இருவர் மட்டும். பாளம் பாளமாக வெடித்த மண்ணில் செருப்பு சரசரக்க நடந்தார்கள். ராக்கெட் அரையடி புதைந்திருந்தது. வாலில் ஓர் இறக்கை உடைந்திருந்தது; மூக்கைத் தள்ள முடியாத மருந்து பின்பக்கமாக வெடித்து வயிறு கருகியிருந்தது. மீனா பிடுங்கி எடுத்து மண்ணைத் தட்டினாள். கழுத்தைப் பார்த்தாள். நகத்தால் கீறினாள். இருபது வருஷமாக மருந்துப் பாட்டில்களோடு குடித்தனம் நடத்துகிறவள். மூடி எதனால் இறுகுமென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"சந்தனமா?"

அவன் குனிந்து உடைந்த இறக்கையைப் பொறுக்கினான்.

"காலையிலயே தெரியுமா?"

"ம்."

"சொல்லியிருக்கலாமில்ல. நானே தொடைச்சிருப்பேன்."

"தொடைச்சிருப்பீங்க. அதான் சொல்லல."

அவளுக்குக் கண் நிறைந்தது; முந்தானையால் அழுத்திக்கொண்டாள். பிறகு அதே முந்தானையை மூக்கில் சுற்றி, உடம்பைத் தொடையிடுக்கில் வைத்து, பல்லைக் கடித்து ஒரு திருகு திருகினாள். டப்பென்று கழன்றது.

"அடுத்ததுக்கும் வைப்பேன்" என்றாள்.

"வைங்க. வால்ல வைங்க."

உள்ளேயிருந்து குடையை உருவினாள். ஓரம் லேசாகக் கருகியிருந்ததே தவிர, எட்டு நூலும் சரியாக இருந்தன. ஆரஞ்சு நிறம். மடிப்புக் கலைந்ததும் கண்மாய்க் காற்றில் அது அவள் கையில் படபடத்தது. அதோடு கண்மாயின் மடைச் சுவரை நோக்கி நடந்தாள். பழைய கல் மடை, ஓர் ஆள் உயரம் இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு, அவன் தோளைப் பிடித்து மேலே ஏறினாள். மறுகரையில் நன்றியுரை ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலி கொடுத்தவர், மைக் கொடுத்தவர் எல்லார் பெயரும் வந்தது.

"கீழ நில்லுங்க. எறங்குறத நான் மேலருந்து பாத்துக்கிறேன்."

மூக்கோடு சேர்த்துக் குடையை மேலே வீசினாள். ஒரு நொடி துணிச்சுருளாகத் தொங்கியது. பிறகு காற்று புகுந்து, வட்டமாக விரிந்து, அவன் தலைக்குமேல் ஒரு பக்கம் சாய்ந்து, மெல்ல இறங்கியது. அவன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நாலடி ஓடிப்போய்ப் பிடித்தான்.

"கொண்டாங்க" என்றாள் மேலிருந்து. "இன்னொரு தடவ."