மூடாத கண்

டீ தம்ளரோடு அறைக்குள் வந்தவர், "கரண்டுக்காரன் வந்து பாத்தானா இல்லையா?" என்று கேட்டார். கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்த மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் இல்லை. "உன்னத்தான். வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துருமா?" என்று குரலை உயர்த்தினார்.  மெல்லிய குறட்டை ஒன்றுதான் வந்தது. அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. இடது கண் மூடியிருந்தது. வலது கண் மட்டும் திறந்தபடியே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது, ஆளில்லாத வீட்டில் அணைக்க மறந்த விளக்கு மாதிரி. எத்தனை தடவை ஏமாந்தாலும் அவருக்குப் புத்தி வரவில்லை.

அவளுடைய வலது காதுமடலுக்குக் கீழே வளர்ந்த கட்டியை எடுத்தபோது முகத்து நரம்பும் சேர்ந்து போயிற்று. அன்றிலிருந்து அவள் முகத்தில் பாதி அவளுடையது, மீதி யாருடையதோ. சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் சிரிக்கும். வலது இமை இறங்காது. இடது கண் சின்ன வயதில் குச்சி குத்தியதிலிருந்தே மங்கல். நிழல் தெரியும், ஆள் தெரியாது. தையல் மிஷினில் உட்கார்ந்து ஊரார் உடுப்பையெல்லாம் தைத்தது முழுக்க அந்த வலது கண்ணை நம்பித்தான். இப்போது அந்தக் கண்தான் மூட முடியாமல் நாள் முழுக்கக் காற்றிலும் வெயிலிலும் கிடந்தது.

கண் டாக்டர் சின்னப் பெண். அவர் மகளைவிட இளையவள். அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை. "இமை சும்மா மூடித் தொறக்கிற கதவு இல்ல பெரியவரே. ஒவ்வொரு தடவை கண்ண மூடும்போதும் அது தண்ணியப் பூசிட்டுப் போகுது. அந்தத் தண்ணி மேல மெல்லிசா எண்ணெய்ப் பசை இருக்கும். இவங்களுக்கு அந்தப் பூச்சே விழல. கண்ணு காஞ்சுபோய் மேல்தோல் உரியுது" என்றாள்.

"காஞ்சிருக்குன்னா கன்னத்துல ஒழுகுதே, அது என்ன?"

"அது உறுத்தல் தாங்காம வர்ற தண்ணி. நிக்காது, ஓடிரும்."

வெளியே வந்ததும் மனைவியிடம் பொரிந்து தள்ளினார். "கேட்டியா கூத்த? குழாய் ஒடஞ்சு தெருவெல்லாம் ஓடுது, தொட்டி காஞ்சு கெடக்குங்குது அந்தப் பொண்ணு."

"காஞ்சுதாங்க கெடக்கு. கண்ணு என்னோடது. எனக்குத் தெரியாதா?" என்றாள் அவள்.

மணிக்கொரு தரம் சொட்டு மருந்து, படுக்கும்போது பசை மருந்து, அதற்கு மேல் இமையை இழுத்து ஒட்டுகிற நாடா. சொட்டு மருந்தை அவர் நாக்கில் விட்டுப் பார்த்தார். உப்புத் தண்ணீர். இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று தோன்றியது. நாடாவைப் பிய்க்கும்போது இமைமுடி கையோடு வந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு விரலால் கட்டில் சட்டத்தைப் பிடித்தாள். இரண்டாம் நாளே நாடாவைத் தூக்கிப் பரண்மேல் போட்டார். அடுத்த தடவை போனபோது டாக்டர், இது சரிப்பட்டு வராவிட்டால் இமைகளை ஓரத்திலிருந்து பாதி வரைக்கும் தைத்துவிட வேண்டியதுதான் என்றாள்.

அவள் அன்று பஸ்ஸை விட்டு இறங்கும்போதுதான் சொன்னாள். "எத்தன பேருக்குத் தச்சிருக்கேன். கடைசியில என்னையே தைக்கப் போறாங்களாம்." சிரித்தாள். சிரிப்பு பாதி முகத்தில் நின்றுவிட்டது. பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தையல் மட்டும் வேணாங்க. இருக்குறது இந்த ஒரு ஜன்னல். இதையும் சாத்திட்டா நான் என்ன பண்ணுவேன்?" என்றாள்.

"எவன் தைக்கிறான்னு நானும் பாக்குறேன்" என்றார். சொல்லிவிட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்ற என்ன வழி என்றுதான் தெரியவில்லை.

அவர் வாழ்நாளெல்லாம் வெல்டர். கண் எரிச்சலைப் பற்றி அவருக்கு எவரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முகமூடி போடாமல் ஒரு நொடி அந்த நீல வெளிச்சத்தைப் பார்த்துவிட்டால் போதும், கண்ணுக்குள் யாரோ மணலை அள்ளிக் கொட்டியது போல ஆகிவிடும். அதற்குப் பட்டறையில் ஒரு கைகண்ட மருந்து உண்டு. ஆஸ்பத்திரியில் கண்ணைக் கீறும் முன்னால் மரத்துப்போக விடுகிற சொட்டு அது. யாராவது எங்கிருந்தாவது கொண்டுவந்து, ஆணிகளும் வெல்டிங் குச்சிகளும் கிடக்கிற இழுப்பறையில் போட்டு வைப்பார்கள். ஒரு சொட்டு விட்டால் நெருப்பு அணைந்த மாதிரி இருக்கும். விட்டுக்கொண்டு மறுபடி வேலைக்கு நின்றுவிடுவார்கள். அவரும் விட்டிருக்கிறார். அவர் கண்ணுக்கு என்ன கேடு வந்தது?

பட்டறைக்குப் போனார். கூட வேலை பார்த்தவர் இப்போது அங்கே மேஸ்திரி. "என்ன மாமா, மறுபடி வெல்டிங் ராடு பிடிக்கப் போறியா?" என்று கேலி செய்தபடி இழுப்பறையைத் துழாவிச் சின்ன சீசா ஒன்றை எடுத்துக் கொடுத்தார். யாருக்கு என்று மேஸ்திரி கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

முதல் சொட்டு விழுந்ததும் அவள் உடம்பே தளர்ந்தது. கட்டிலில் சாய்ந்து, "அப்பாடா" என்றாள். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து அவர் கேட்டதேயில்லை. "என்ன மருந்துங்க இது?"

"நல்ல மருந்து. கண்ண மூடிட்டு... சரி, படுத்துத் தூங்கு."

அதன் பிறகு வீட்டில் கொஞ்ச நாள் வெளிச்சமாக இருந்தது. அவள் கண்ணைக் கசக்குவதை விட்டாள். முந்தானையால் கன்னத்தைத் துடைப்பதை விட்டாள். ஃபேனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மிஷின்மேல் கிடந்த துணி மூட்டையை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, அவருடைய பழைய கால்சட்டைக்கு ஓரம் மடித்துத் தைத்தாள். மிஷின் சத்தம் கேட்டதும் அவர் வாசலில் நின்றபடியே தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். படித்த டாக்டரால் ஆகாததைப் பட்டறை இழுப்பறை செய்துவிட்டதே. ஆஸ்பத்திரி மருந்து அலமாரியில் தூசி படிந்தது. மகள் போனில் கூப்பிட்டு, "அப்பா, டாக்டர் குடுத்த மருந்த ஒழுங்கா விடுறீங்களா?" என்று கேட்கும்போதெல்லாம், "விடுறேன், விடுறேன். உங்கம்மா மிஷின் மிதிக்கிறா, போதுமா?" என்பார்.

ஒன்று மட்டும் இடித்தது. "இந்த ஜன்னல் கண்ணாடியக் கொஞ்சம் தொடைங்களேன், புகை பிடிச்ச மாதிரி இருக்கு" என்று அவள் சொன்னாள். துடைத்தார். மறுநாளும் சொன்னாள். சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்தார். "வெளிப்பக்கம் அழுக்கா இருக்கும்" என்றாள். ஏணி போட்டு ஏறி வெளிப்பக்கமும் துடைத்தார். கண்ணாடி இருப்பதே தெரியாத அளவுக்குப் பளிச்சென்று ஆனது. அவள், "ம்" என்று மட்டும் சொன்னாள்.

ஒரு நாள் சாயங்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்து மகளைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். மருமகன் குறட்டை விடுவதைப் பற்றி. அவரும் சிரித்தபடி அவள் முகத்தைப் பார்த்தார். வலது கண்ணின் மேல் கடுகளவு பூச்சி ஒன்று உட்கார்ந்திருந்தது. இமையில் இல்லை, விழியின் மேலேயே. ஈரத்தில் ஒட்டிய சிறகை இழுத்து இழுத்து விடுவித்து, கருவிழியின் ஓரமாக மெதுவாக நடந்தது. அவள் பேச்சை நிறுத்தவில்லை. கை கண்ணுக்குப் போகவில்லை. "...ரெண்டு ரூம் தள்ளிப் படுத்தாலும் கேக்குதாம்" என்று சொல்லி, பாதி முகத்தால் சிரித்தாள்.

 நெருப்புப் பொறி பட்டுச் சட்டை எரிவது தெரியாமல் நிற்கிறவனைப் பட்டறையில் பார்த்தால் பதறி எழுவாரே, அப்படி அவர் எழுந்தார். பக்கத்தில் போய் உற்றுப் பார்த்தார். கருவிழியின் நடுவில் சுண்ணாம்புத் துளி தெறித்த மாதிரி ஒரு வெள்ளை.

"என்னங்க அப்பிடிப் பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல. செருப்பப் போடு. டாக்டரப் பாத்துட்டு வந்துருவோம்."

டாக்டர் விளக்கடித்துப் பார்த்தாள். பஞ்சு நுனியைத் திரித்துக் கண்ணைத் தொட்டாள். மனைவி அசையாமல் இருந்தாள். டாக்டரின் முகம் மாறியது. "வலிக்கலையா அம்மா?"

"இல்லியே. இப்ப ரொம்ப சொகமா இருக்கு."

"என்ன மருந்து விட்டீங்க?"

 அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "நீங்க குடுத்ததுதான் டாக்டரம்மா. அவரு மணி தவறாம விட்டாரு. ராத்திரியெல்லாம் எந்திரிச்சு விட்டாரு, பாவம்." சொல்லிக்கொண்டே, அவர் இருக்கிற பக்கமாகக் கையை நீட்டி அவர் தொடையை மெல்லத் தட்டினாள். விடுங்க, பாத்துக்கலாம் என்கிற தட்டல்.

அந்தப் பொய்யில் அவர் ஒளிந்துகொண்டிருக்கலாம். வாழ்க்கையில் எந்த அதிகாரியிடமும், எந்த டாக்டரிடமும் அவர் தானாக ஒரு உண்மையையும் கொடுத்ததில்லை. கொடுத்தால் அதை வைத்தே கட்டிப்போடுவார்கள் என்பது அவர் கட்சி. ஆனால் அந்தக் கை தொடைமேல் இருந்தது. சட்டைப் பையிலிருந்து சீசாவை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இதத்தான் விட்டேன். உங்க மருந்து அலமாரியில கெடக்கு. இது என்னன்னு அவளுக்குத் தெரியாது. இது அவ தப்பு இல்ல."

டாக்டர் சீசாவைத் திருப்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். அவள் நாற்காலியை இழுத்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். "வலிச்சாத்தான் பெரியவரே, கண்ணுக்கு ஏதோ ஆகுதுன்னு தெரியும். கேக்குற வாயையே அடைச்சிட்டீங்க. இந்த மருந்த விட விட மேல்தோல் வளராது. இப்ப உள்ள புண்ணாயிருக்கு."

"தையல் போடணுமா?"

"இன்னிக்கே. புண்ணு ஆறினா எவ்வளவு பார்வை மிஞ்சும்னு இப்ப என்னால சொல்ல முடியாது."

 உள்ளே கூட்டிக்கொண்டு போகும்போது மனைவி நின்று, "தடிச்ச நூலாப் போட்டுறாதீங்கம்மா" என்றாள். நர்சு சிரித்தாள். அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஓரம் மடித்துக் கொடுத்த கால்சட்டை. தையல் ஒரு இடத்தில் கோட்டிலிருந்து விலகி, கோணிக்கொண்டு போய், மறுபடி கோட்டுக்கு வந்திருந்தது. இத்தனை நாளாக அதைப் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார்.

இப்போது மணி பார்த்து மருந்து விடுகிறார். டாக்டர் சொன்னதைத் தவிர வேறொன்றும் அந்தக் கண்ணுக்குப் போகாது. மூக்கின் பக்கம் தைக்காமல் விட்ட சின்னச் சந்து இருக்கிறது; அதற்குள் சொட்டு விழ வேண்டும்.  அந்தப் பொய்யைப் பற்றி அவளும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. கண் மறுபடி வலிக்கத் தொடங்கியபோது அவள் முனகினாள். வலிக்கட்டும், வலிக்கட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே, அதைக் கேட்கப் பொறுக்காமல் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார்.

இன்று காலையில் மருந்துச் சீசாவோடு குனிந்தபோது, அவள் அவர் கையைத் தடுத்தாள்.

"கொஞ்சம் இருங்க. கிட்ட வாங்க."

குனிந்தார்.

"இன்னும் கிட்ட."

அவள் மூச்சு அவர் தாடையில் பட்டது. தைத்த இமைகளின் நடுவே, அந்தச் சந்தில், விழி இப்படியும் அப்படியுமாக அசைந்தது. அவள் கை எழுந்து அவர் நெஞ்சில் வந்து நின்றது.

"மேல் பொத்தானக் காணோமே" என்றாள்.

"கண்ணுல பாத்தியா, கையில தடவினியா?"

அவள் பாதி முகத்தால் சிரித்தாள். அவர் குனிந்தபடியே நின்றார். சீசாவின் நுனியில் ஒரு சொட்டு திரண்டு, கனத்து, விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது.